வேலூரிலிருந்து வேலூருக்கு, வர்ஜீனியா வழியாக: உள்நாட்டுத் தரவு ஹோஸ்டிங் பற்றி ஓர் எளிய விளக்கம்

காட்பாடியில் குடியிருக்கும் மாணவி ஒருவர், வேலூர் நகருக்குள் இருக்கும் தம் கல்லூரியின் இணையதளத்தைத் திறந்து தேர்வு முடிவைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே இருப்பது பாலாற்றுப் பாலம் ஒன்றுதான். ஆனால் அவருடைய கைபேசியில் விரியும் பக்கம் அந்தப் பாலத்தின் வழியாக வந்தாக வேண்டும் என்பதில்லை. கல்லூரி நிர்வாகம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டி வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வர், சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலோ ஏதோ ஒரு கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அப்படியானால் மாணவியின் வேண்டுகோள் பெருநகரம் ஒன்றை அடைந்து, கடலடிக் கேபிளில் இறங்கி, கடல்களைக் கடந்து அந்தக் கட்டடத்துக்குப் போய், பதிலைச் சுமந்துகொண்டு மறுபடியும் அவ்வளவு தூரம் திரும்பி வருகிறது.

இணையதளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எந்நேரமும் மின்சாரமும் இணைப்பும் உள்ள ஒரு கணினியில் வைத்து, கேட்பவருக்கெல்லாம் எடுத்துக்கொடுக்கும் ஏற்பாட்டையே ஹோஸ்டிங் என்கிறோம். அந்தக் கணினி சர்வர். பல சர்வர்களை அடுக்கிவைத்து, குளிரூட்டிப் பாதுகாக்கும் கட்டடம் தரவு மையம். ஒரு நாட்டு மக்கள் தங்களுக்குள் பயன்படுத்தும் தரவை அந்த நாட்டுக்குள்ளேயே வைத்துப் பரிமாறும் வசதியும், அதை நடத்தத் தெரிந்த ஆட்களும் எவ்வளவு இருக்கிறார்கள் என்பதே அந்த நாட்டின் உள்நாட்டு ஹோஸ்டிங் திறன். வளரும் நாடு ஒன்றில் இந்தத் திறனை எப்படிக் கட்டியெழுப்புவது என்பதுதான் இங்கே பேசப்போகும் பொருள். பெரிய கட்டடம் எழுப்புவது இந்த வேலையில் கடைசியாகச் செய்ய வேண்டியவற்றுள் ஒன்று என்பது என் கருத்து. பல இடங்களில் அதற்குத்தான் முதலில் அடிக்கல் நாட்டுகிறார்கள்.

தூரமும் அதற்கு ஆகும் செலவும்

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒன்றரை மில்லி விநாடி போதும். நடுவில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால்கூடப் பத்து மில்லி விநாடிக்குள் முடிந்துவிடக்கூடிய வேலை. வர்ஜீனியாவோ நேர்க்கோட்டில் அளந்தாலே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் போய்வர 200 மில்லி விநாடிக்கு மேல் பிடிக்கும். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு பெரிய காலமா என்று தோன்றலாம். ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்கு ஒரு முறை போய்வந்தால் போதாது. முகவரியைத் தேட ஒரு முறை, இணைப்பை ஏற்படுத்த ஒரு முறை, பாதுகாப்புச் சாவிகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு முறை, பிறகுதான் பக்கத்தைக் கேட்க ஒரு முறை என்று, முதல் எழுத்து திரையில் வருவதற்கு முன்பே மூன்று நான்கு பயணங்கள் முடிந்திருக்க வேண்டும். பழைய முறையில் எழுதப்பட்ட மென்பொருளாக இருந்தால், ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பட்டியலுக்கும் இந்தப் பயணம் திரும்பத் திரும்ப நடக்கும்.

இதை யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்க்கலாம். கணினியில் கறுப்பு நிறக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ட்ரேஸ்ரூட் என்னும் கட்டளையோடு ஏதாவதொரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் போதும். விண்டோஸில் அதை ட்ரேஸர்ட் என்று சுருக்கி வைத்திருக்கிறார்கள். வழியில் தரவை அடுத்த இடத்துக்குத் திருப்பிவிடும் கருவியான ரௌட்டர் ஒவ்வொன்றும் ஒரு வரியாக வரும், பக்கத்திலேயே அதுவரை போய்வந்த நேரம் இருக்கும். முதல் வரி வீட்டு ரௌட்டர், ஒன்றிரண்டு மில்லி விநாடி. அடுத்த சில வரிகள் இணைப்பு தரும் நிறுவனத்தின் கருவிகள், சென்னை வரையில் எண்கள் மெதுவாக ஏறும். பதில் சொல்ல மறுக்கும் ரௌட்டர்களுக்கு வெறும் நட்சத்திரக் குறிதான் விழும், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பிறகு ஒரு வரியில் எண் நாற்பதுக்கோ இருநூறுக்கோ சட்டென்று எகிறி, அதற்குப் பின் குறையாமல் அங்கேயே நின்றால், அந்த இடத்தில் நம் வேண்டுகோள் கடல் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம்.

தாமதத்தைவிடப் பணம் பெரிய விஷயம். நம் ஊர்களில் கேபிள் டிவி ஆபரேட்டர்களாக இருந்து இன்று ஃபைபர் இணைப்புக் கொடுப்பவர்கள், மேலே உள்ள பெரிய நிறுவனத்திடம் தரவு போய்வரும் கொள்ளளவை மொத்தமாக வாங்கித்தான் சில்லறையாக விற்கிறார்கள். வளரும் நாடுகள் பலவற்றில் அந்த மேல்நிலை வெளிநாட்டில் இருக்கிறது, விலையை டாலரில் கட்ட வேண்டியிருக்கிறது. ருவாண்டாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இதன் வினோதத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியது. ஒரு தளத்தை நடத்துபவர் அதை உள்நாட்டில் வைக்காமல் வெளிநாட்டு சர்வரில் வைத்ததால் ஆண்டுக்கு 111 டாலர் மிச்சம் பிடித்தார். ஆனால் அந்தத் தளத்தைப் பார்க்கும் ருவாண்டா மக்களுக்காக அதை வெளிநாட்டிலிருந்து இழுத்துக்கொண்டுவர, உள்நாட்டு இணைய நிறுவனங்களுக்கு 13,500 டாலர் செலவாயிற்று. மிச்சம் ஒருவருக்கு, செலவு வேறொருவருக்கு. ஆகவே இந்த இழப்பு யாருடைய கணக்குப் புத்தகத்திலும் ஒரே பக்கத்தில் தெரிவதில்லை. உள்நாட்டு ஹோஸ்டிங் ஏன் தானாக வளர்வதில்லை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் படித்ததில்லை.

கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்பது மூன்றாவது கவலை. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது, இந்தியாவிலும் மேற்காசியாவிலும் இணையம் பல நாட்கள் தள்ளாடியது. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்கா தீவு நாட்டின் ஒரே வெளிநாட்டுக் கேபிள் அறுந்தபோது, அதைச் சரிசெய்ய ஐந்து வாரங்கள் ஆயின. இப்படிப்பட்ட நாட்களில் ஒரு நாட்டின் மருத்துவமனைப் பதிவேடும் வருவாய்த் துறைப் பதிவேடும் உள்நாட்டிலேயே இருந்தால், வெளியுலகம் துண்டிக்கப்பட்டாலும் உள்ளே வேலை நடக்கும்.

முதலில் வேண்டியது ஒரு சந்திப்பு இடம்

பொருள் இங்கே, ஆதாயம் வெளியே என்னும் இதைப் போன்ற நிலையை வட ஆற்காட்டுக்காரர்கள் வேறு தொழிலில் பார்த்திருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளிலிருந்து நெடுங்காலம் பாதி பதனிட்ட தோலே கப்பலேறியது. அதைக் காலணியாகவும் பையாகவும் மாற்றிய ஆதாயம் வெளிநாட்டில் தங்கியது. 1970களில் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலையும் காலணியையும் இங்கேயே செய்யத் தூண்டியது. ஆனால் கட்டுப்பாடு மட்டும் ஷூ கம்பெனிகளை உண்டாக்கிவிடவில்லை. அடையாற்றில் 1948 முதல் இருந்துவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், இயந்திரம் வாங்கக் கடன், தையலும் வெட்டும் கற்றுத் தேர்ந்த பெண்கள், வாங்குவதற்குத் தயாராக இருந்த வெளிநாட்டு வியாபாரிகள் என்று பலவும் சேர்ந்துதான் ஆம்பூரை ஆம்பூராக்கின. தரவு விஷயத்திலும் ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றவை தாமே பின்னால் வரும் என்று நம்புவதற்கில்லை.

இருப்பினும் எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு விடை உண்டு. அது இணையப் பரிமாற்ற மையம். ஒரே ஊரில் இரண்டு இணைய நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்றின் வாடிக்கையாளர் மற்றொன்றின் வாடிக்கையாளருக்கு ஒரு கோப்பு அனுப்புகிறார். இரண்டு நிறுவனங்களும் நேரடியாக இணைந்திருக்காவிட்டால், அந்தக் கோப்பு ஒரு நிறுவனத்தின் மேல்நிலை வழியாக வெளிநாடு போய், மற்றதன் மேல்நிலை வழியாகத் திரும்பி வரும். போக ஒருவர் கட்டணம் கட்டுகிறார், வர இன்னொருவர் கட்டுகிறார். இதைத் தவிர்க்க எல்லா நிறுவனங்களும் ஒரு பொது அறைக்குத் தங்கள் கேபிளைக் கொண்டுவந்து, பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் என்னும் கருவி ஒன்றில் அங்கே செருகிக்கொள்கின்றன. ஒவ்வொருவருடைய ரௌட்டரும் ‘இன்னின்ன முகவரிகள் என்னிடம் இருக்கின்றன’ என்று மற்ற ரௌட்டர்களுக்குச் சொல்லிவிடுகிறது. அதன்பின் உள்ளூர்ப் போக்குவரத்து அந்த அறையிலேயே கைமாறிவிடும். தொடக்கத்தில் இதற்கு வேண்டியது ஒரு நல்ல ஸ்விட்ச், கருவிகளை அடுக்கும் சட்டமான ரேக் ஒன்று, தடையில்லா மின்சாரம், பூட்டிய கதவு. ஒரு தரவு மையத்தின் ஜெனரேட்டருக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது.

ஆனால் அந்த அறை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போட்டியாளர்களுள் ஒருவருக்குச் சொந்தமான அறைக்கு மற்றவர்கள் மனமுவந்து கேபிள் இழுக்க மாட்டார்கள். கென்யாவின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2000ஆம் ஆண்டு நவம்பரில் நைரோபியில் இணைய நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பரிமாற்ற மையத்தைத் தொடங்கின. அதுவரை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகும் மின்னஞ்சல்கூடச் செயற்கைக்கோள் வழியாகக் கண்டம் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு இணைப்பில் ஏகபோக உரிமை வைத்திருந்த தொலைபேசி நிறுவனம் முறையிட, ஒழுங்குமுறை ஆணையம் சில நாட்களிலேயே மையத்தை மூடச் சொன்னது. ஓராண்டுக்கு மேல் வாதாடி, உரிமம் வாங்கி, 2002 பிப்ரவரியில் மறுபடியும் திறந்தார்கள். இணைய வளர்ச்சிக்காக இயங்கும் சர்வதேச அமைப்பான இணைய சொசைட்டி 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, கென்யாவின் இணையப் போக்குவரத்தில் உள்நாட்டிலேயே பரிமாறப்படும் பங்கு 2012இல் இருந்த சுமார் 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்திருந்தது. நைஜீரியாவிலும் ஏறத்தாழ இதே மாற்றம் நிகழ்ந்திருந்தது.

இந்தியாவில் இந்த வேலைக்காக 2003இல் லாப நோக்கமற்ற அமைப்பாக நிக்ஸி என்னும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற மையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் நான்கு மையங்களுள் சென்னையும் ஒன்று. தொடக்கத்தில் அங்கே வைத்திருந்த கட்டண முறை விசித்திரமானது. தரவைக் கேட்டு வாங்குபவர், கொடுப்பவருக்குப் பணம் தர வேண்டும் என்று விதித்திருந்தார்கள். வீட்டு வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் சிறு நிறுவனம் எப்போதும் வாங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே சேர்ந்தால் நட்டம் என்று பலர் ஒதுங்கி நின்றார்கள். ஸ்விட்ச் நன்றாக வேலை செய்தும் விதி சரியில்லாவிட்டால் மையம் வளராது என்பதை நம் நாட்டிலேயே பார்த்துவிட்டோம்.

பரிமாற்ற மையம் வளர்ந்ததும் உலகப் பெரு நிறுவனங்கள் தேடி வருகின்றன. கூகுள், நெட்ஃபிளிக்ஸ், கிளவுட்ஃபிளேர், அகமாய் போன்றவை அடிக்கடி கேட்கப்படும் காணொளிகளின், பக்கங்களின் நகல்களைத் தங்கள் சர்வர்களில் வைத்து அங்கேயே நிறுத்திவிடுகின்றன. ஊரில் ஒரே படத்தை ஆயிரம் பேர் பார்த்தாலும் கடல் தாண்டி வருவது ஒரு முறைதான். கென்யாவின் 70 சதவீதத்தில் பெரும்பங்கு இத்தகைய நகல்களே. இதையும் உள்நாட்டுத் திறன் என்று கணக்கில் சேர்க்கலாமா? செலவும் தாமதமும் குறைகின்றன என்ற அளவில் சேர்க்கலாம். ஆனால் மூலம் வெளியே இருக்கிறது, சாவி வெளியே இருக்கிறது. அந்தப் பெட்டியை நிர்வகிக்கும் வேலைகூட உள்ளூர் இளைஞருக்குக் கிடைப்பதில்லை. கல்லூரியின் தேர்வு முடிவும் நகராட்சியின் வரி ரசீதும் அந்தப் பெட்டிக்குள் போய்த் தங்குவதில்லை. அவற்றுக்கு நாமேதான் இடம் செய்தாக வேண்டும்.

கத்திரி வெயிலில் ஒரு சர்வர் அறை

வேலூர் போன்ற ஊரில் சர்வரை வைப்பதன் முதல் எதிரி வெப்பம். மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், நடுத்தரக் கல்வி நிறுவனம் ஒன்றின் சர்வர் அறைக்குள் நுழைந்து பார்த்தால், பாடம் அங்கேயே இருக்கும். ஒரு ரேக்கில் நான்கைந்து சர்வர்கள், இடையிடையே காலி இடங்கள். சுவரில் இரண்டு ஸ்பிளிட் ஏ.சி., ஒன்றின் வடிகால் குழாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. யூ.பி.எஸ். பேட்டரிகளின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அவற்றை வைத்த மாதமும் ஆண்டும் எழுதியிருப்பார்கள். ரிமோட்டில் 18 டிகிரி. அறை குளிர்சாதனப் பெட்டி போல் இருக்கும். ஆனால் ரேக்கின் பின்புறம் கையை நீட்டினால் அனல் அடிக்கும், அந்த அனல் காலி இடங்களின் வழியாகவே முன்பக்கம் வந்து மறுபடியும் சர்வருக்குள் போகும். காலி இடங்களைத் தகடு போட்டு மூடி, குளிர்காற்று முன்னாலும் சூடான காற்று பின்னாலும் கலக்காமல் பிரித்துவிட்டால், ஏ.சி.யை 25 டிகிரிக்கு உயர்த்தினாலும் சர்வர்களுக்குக் கெடுதி வராது. உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது இத்துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. பேட்டரியும் கவனிக்க வேண்டியது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈய அமிலப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது.

மின்சாரக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒரு ரேக் 5 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 120 யூனிட். குளிரூட்டலுக்கும் யூ.பி.எஸ். இழப்புக்கும் சேர்த்து மொத்தச் செலவு இதைப்போல் 1.6 மடங்கு என்றால் 192 யூனிட். ஆண்டுக்கு 70,000 யூனிட். இந்த 1.6 என்னும் எண்ணைத்தான் தரவு மையத்தின் மின் திறன் விகிதம் என்கிறார்கள். ஒன்றுக்கு எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவு சிக்கனம். குளிர்நாடுகளில் வெளிக்காற்றையே உள்ளே விட்டு 1.1 வரை கொண்டுவருகிறார்கள். வெப்பநாட்டில் அதே சேவையை அதே விலைக்குக் கொடுப்பது கடினம் என்பதற்கு இது ஒரு காரணம். இறக்குமதி வரி, டீசல் செலவு, சிறிய அளவில் வாங்குவதால் கூடும் விலை ஆகியவை மற்ற காரணங்கள்.

கரண்ட் போகும்போது யூ.பி.எஸ். சில நிமிடங்களுக்குத் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்க வேண்டும். ஒரு ஜெனரேட்டர் பழுதானால் இன்னொன்று, ஒரு கேபிளை சாலை வேலைக்காரர்கள் வெட்டினால் வேறு தெருவழியாக வரும் இன்னொரு கேபிள் என்று எல்லாவற்றையும் இரட்டிப்பாக வைப்பதற்கேற்பத் தரவு மையங்களை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள், நான்காவதுதான் மிக உயர்ந்தது. மூன்றாம் படியில் உள்ள மையத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 99.982 சதவீத நேர இயக்கம் என்பது, ஆண்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் மட்டுமே நிற்கலாம் என்று பொருள்படும். எல்லாத் தரவுக்கும் இவ்வளவு வேண்டியதில்லை. கல்லூரி ஆண்டு மலரின் பழைய பிரதிகள் அரை நாள் கிடைக்காவிட்டால் யாரும் தவித்துப் போக மாட்டார்கள். நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு அப்படியல்ல.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரிய தரவு மையங்களில் நீரை ஆவியாக்கிக் குளிரூட்டுவது மின்சாரத்தை மிச்சப்படுத்தும்; ஆனால் நீரைக் குடிக்கும். காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கும் மாவட்டத்தில் அந்த வழி சரிப்படாது, மூடிய சுற்றில் ஓடும் நீரோ காற்றுக் குளிரூட்டலோதான் பொருந்தும். தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதும், அது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் இந்தப் பகுதிக்குத் தெரியும். புதிய தொழில் என்பதற்காக நீரையும், டீசல் புகையையும், பழைய பேட்டரிகளையும் கேள்வி கேட்காமல் விட வேண்டியதில்லை.

ஆட்கள், வாடிக்கையாளர்கள், சட்டம்

கட்டடத்தைப் பணம் கொடுத்து எழுப்பலாம். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு ரௌட்டர் தவறான பாதையை அறிவிக்கத் தொடங்கினால் அதைக் கண்டுபிடித்து நிறுத்தத் தெரிந்தவரை அப்படி வாங்க முடியாது. வேலூர் மாவட்டம் ஆண்டுதோறும் ஏராளமான கணினிப் பொறியாளர்களை உருவாக்குகிறது, அவர்கள் காட்பாடி ஜங்ஷனில் ரயிலேறிப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே அவர்களுக்குத் தகுந்த வேலை இல்லை. பாடத்திட்டத்தில் நெட்வொர்க்கைப் பற்றி ஒரு தாள் இருக்கும், ஆனால் உண்மையான ரௌட்டரைத் தொட்டுப் பார்க்காமலே பட்டம் வாங்க முடியும். தெற்காசிய நெட்வொர்க் பொறியாளர்கள் சனாக் என்ற பெயரில் 2003 முதல் கூடி, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துவருகிறார்கள். போட்டி நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகியிருப்பதுதான் பரிமாற்ற மையங்கள் நடப்பதற்கு உண்மையான அடித்தளம் என்று நினைக்கிறேன். ஒரு கோளாறு வந்தால் முதலில் செய்வது முறையான புகார்க் கடிதம் எழுதுவதல்ல, தெரிந்தவருக்குப் போன் போடுவதுதான்.

ஆட்கள் தங்க வேண்டுமானால் வருமானம் வேண்டும், வருமானத்துக்கு நிலையான வாடிக்கையாளர் வேண்டும். சிறு வணிகர்களை நம்பி எந்த நாட்டிலும் தரவு மையம் நிமிர்ந்ததாகத் தெரியவில்லை. அரசும் வங்கியும் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் முதலில் வந்தால்தான் அதன்பிறகு சிறியவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை அமையும். தமிழ்நாட்டில் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் நடத்தும் மாநிலத் தரவு மையம் அரசுத் துறைகளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது. 2021 நவம்பரில் மாநில அரசு தரவு மையக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது. சென்னையில் கடலடிக் கேபிள்கள் கரையேறுவதால் தனியார் மையங்கள் சிறுசேரி, அம்பத்தூர்ப் பக்கமாகக் குவிந்தன.

சட்டத்தால் வாடிக்கையாளரை வரவழைக்கலாம் என்பதும் ஒரு வழி. பணப் பரிவர்த்தனைத் தரவு முழுவதும் இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டு, ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. இங்கே அது நடந்தேறியது, ஏனெனில் வைப்பதற்கு இடம் ஏற்கெனவே இருந்தது. இடமே இல்லாத சிறிய நாடு இதே உத்தரவைப் போட்டால், உள்ளூரில் இருக்கும் ஒன்றிரண்டு மையங்கள் விலையை ஏற்றிவிடும், அவ்வளவுதான். தவிர, சர்வர் நம் மண்ணில் நின்றாலும் அதை நடத்தும் நிறுவனம் அமெரிக்காவுடையதாக இருந்தால், அந்நாட்டின் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி, தரவு எந்த நாட்டில் இருந்தாலும் அங்குள்ள நீதிமன்ற ஆணைக்கு அந்த நிறுவனம் பணிந்தாக வேண்டும். இருக்கும் இடமும் ஆளும் உரிமையும் வேறு வேறு.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்து

உள்நாட்டில் வைப்பதைப் பற்றிப் பேசுபவர்கள் அடிக்கடி விட்டுவிடும் பகுதி இது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஒரு தரவு மையக் கட்டடம் தீயில் முழுவதும் அழிந்தபோது, வேறு இடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் தங்கள் தரவை இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜியான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ கிளம்பி, நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகள் நின்றன; அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஒரு சேமிப்பகம் வேறெங்கும் நகல் இல்லாததால் அழிந்தே போயிற்று. தொழில்நுட்பத்தில் முன்னணியில் இருக்கும் நாடு அது. எஸ்தோனியாவோ எதிர்த்திசையில் யோசித்தது: 2017இல் லக்சம்பர்க்குடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, தன் முக்கியமான பதிவேடுகளின் நகலை, தூதரகத்துக்கு உள்ளது போன்ற சட்டப் பாதுகாப்போடு அங்கே வைத்தது. உள்நாட்டில் மூலம், வெளியே தன் சாவியால் பூட்டிய நகல் என்ற அந்த ஏற்பாடு எனக்கு விவேகமாகப் படுகிறது.

இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் வேலூருக்கு ஓர் இடம் தெரிகிறது. சென்னையோடு போட்டிபோட்டு இங்கே பெரும் தரவு மையம் எழுப்புவதில் பொருளில்லை. ஆனால் சென்னையில் உள்ள தரவுக்கு இரண்டாம் நகல் வைக்க, கடற்கரையிலிருந்து தள்ளி, வர்தா புயலோ 2023 டிசம்பரின் மிக்ஜாம் வெள்ளமோ ஒரே அடியில் இரண்டு இடங்களையும் முடக்காத தூரத்தில் ஓர் ஊர் வேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் வேலூர், காட்பாடி வழியாகத்தான் போகின்றன. ஃபைபர் இழுப்பவர்களுக்கு இவை இயல்பான தடங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாலாற்றில் தண்ணீரே வராது என்று ஊரில் சொல்வதை நம்பிக் கரையோரம் வாங்கிவிடக் கூடாது; 2021 நவம்பரில் அந்த ஆறு இரு கரையும் புரண்டு ஓடியது.

ஒரு கல்லூரியோ மருத்துவமனையோ நகராட்சியோ நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குக் கொள்கை அறிவிப்பு எதுவும் தேவையில்லை. அடுத்த முறை ஹோஸ்டிங் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, சர்வர் எந்த நாட்டில் எந்த நகரத்தில் இருக்கிறது, அந்த நிறுவனம் எந்தப் பரிமாற்ற மையத்தில் இணைந்திருக்கிறது, பேக்கப் எனப்படும் பாதுகாப்பு நகல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று எழுத்தில் கேட்க வேண்டும். இந்தியாவில் உள்ள சர்வருக்குக் கூடுதலாகக் கேட்கும் தொகை பெரும்பாலும் ஒரு துறையின் ஆண்டுக் காகிதச் செலவைத் தாண்டாது. அதோடு, பேக்கப்பிலிருந்து தளம் முழுவதையும் வேறொரு சர்வரில் மீட்டெடுத்து ஓட்டிக்காட்டும் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நிறுவனத்தின் சொந்த ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருக்க நடத்த வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்பது விபத்து நடந்த அன்றுதான் தெரியவரும்.